கிழக்கு ஜெர்மனி பெரியவங்ககிட்ட பெர்லின் சுவர் விழுந்த பிறகான கதையைக் கேட்பது எப்படி?

அங்க வாழ்ந்த பெரியவங்க யாராவது உங்களுக்குப் பழக்கம், அவங்க நினைவுகளைப் பதிவு பண்ணணும்னு ஆசைன்னா, தயவுசெஞ்சு "கம்யூனிசம் நல்லதா கெட்டதா"ன்னு ஆரம்பிக்காதீங்க, டிவில பேசுற மாதிரி ரெண்டு வரி பதில்தான் வரும்.

பணத்துல இருந்து தொடங்குங்க. 1990 ஜூலை 1ஆம் தேதி கிழக்கு மார்க் போய் மேற்கு மார்க் வந்துச்சு, பெரும்பாலான பெரியவங்களுக்கு 4,000 வரைக்கும் ஒண்ணுக்கு ஒண்ணு, அதுக்கு மேல இருந்த சேமிப்புக்கு ரெண்டுக்கு ஒண்ணுதான். பழைய பாஸ்புக் இருந்தா எடுத்து வரச் சொல்லுங்க, அந்த எண்ணு மேல விரலை வச்சுட்டாங்கன்னா டிராபன்ட் காருக்குப் பத்து வருஷத்துக்கு மேல காத்திருந்த கதை வரைக்கும் தானா வரும்.

அடுத்து வேலை, என்னைக் கேட்டா இதுதான் ரொம்ப வலிக்கிற இடம். ட்ராய்ஹாண்ட்ங்கிற அமைப்பு 1994க்குள்ள ஆயிரக்கணக்கான அரசு கம்பெனிகளை வித்துச்சு, பலதை மூடுச்சு. ஃபேக்டரின்னா அங்க சம்பளம் மட்டும் இல்ல, குழந்தைகள் காப்பகம், கேன்டீன், லீவுக்குப் போற விடுதி எல்லாமே அதோட சேர்ந்தது, அதனால "கடைசி நாள் வீட்டுக்கு என்ன எடுத்துட்டு வந்தீங்க"ன்னு கேட்டுட்டு அமைதியா இருங்க, இடையில பேசாதீங்க.

ஸ்டாசி, அதாவது கிழக்கு ஜெர்மனியோட ரகசியப் போலீஸ், மக்களைப் பத்தி வச்சிருந்த ஃபைல் பத்தி அவங்களா பேசினா மட்டும் கேளுங்க. 1992ல இருந்து அவங்கவங்க ஃபைலை மனு போட்டுப் பார்க்கலாம், இப்போ அது ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்துல இருக்கு. பார்க்க வேண்டாம்னு முடிவு பண்ணவங்களும் உண்டு, வற்புறுத்தாதீங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி, காட்டின போட்டோ பின்னாடி யாரு, எந்த வருஷம்னு அவங்க கையாலயே பென்சில்ல எழுதி வாங்கிடுங்க.