பெரிய லா ஃபர்ம்ல சேம்பரிங் இடம் புடிக்கிறது எப்படி: நான் போன வழி

போன மாசம் எங்க சொந்தத்துல ஒரு பொண்ணு சி.எல்.பி (லோயர் ஆகுறதுக்கு எழுதுற பரீட்சை) எழுதி முடிச்ச கையோட எனக்கு போன் அடிச்சி, "அக்கா, எந்த ஃபர்முக்கு எழுதுறது, என்னன்னு எழுதுறது, எங்கேர்ந்து தொடங்குறதுன்னே தெரில"ன்னு அழுவுற மாதிரி கேட்டா. அவளுக்கு வாட்ஸ்அப்ல துண்டு துண்டா சொன்னத தான் இங்க ஒழுங்கா எழுதுறேன். நம்ம வீட்டுப் புள்ளைங்க நெறைய பேருக்கு வீட்ல லோயர் கிடையாது, மாமா ஃபர்ம் பெரியப்பா ஃபர்ம்னு எதுவும் கிடையாது. எனக்கும் அப்படித்தான், அப்பா பிறையில ஃபேக்டரில லைன் சூப்பர்வைசர், அம்மா வீட்ல தையல்.

சேம்பரிங்னா லோயரா பதிவாகுறதுக்கு முன்னாடி ஒரு சீனியர் லோயர்கிட்ட எடுக்குற பயிற்சி, அதுக்கு மேல, சி.எல்.பி யாரு எழுதணும்ங்கிறதெல்லாம் இங்க விளக்கல, அது தெரிஞ்சவங்களுக்கு தான் இந்தப் பதிவு. என் கணக்க மட்டும் சொல்லிடுறேன். முதல் சுத்துல 27 ஃபர்முக்கு எழுதுனேன், ஒரே ஒரு பேட்டி, அதுவும் போச்சு. ரெண்டாவது சுத்துல 9 ஃபர்ம் தான், மூணு பேட்டி, ஒரு இடம் கிடைச்சது, கோலாலம்பூர்ல, நான் ஆசப்பட்ட லிட்டிகேஷன் (கோர்ட்ல வழக்கு நடத்துற) பக்கம். ரெண்டு சுத்துக்கும் நடுவுல என் மார்க் ஒண்ணும் மாறல. நான் எழுதுன விதம் தான் மாறுச்சு.

முதல் படி: பேர பாக்காதீங்க, டிபார்ட்மெண்ட பாருங்க

"பெரிய ஃபர்ம்"னு பொதுவா சொல்றோம், ஆனா எல்லா பெரிய ஃபர்மும் எல்லாத்துலயும் பெருசு இல்ல. லா ஃபர்ம்களுக்குத் தரம் போடுற சேம்பர்ஸ் அண்ட் பார்ட்னர்ஸ், லீகல் 500 ரெண்டுமே இணையத்துல இலவசமா பாக்கலாம், மலேசியா பக்கத்துக்குப் போனீங்கன்னா ஒவ்வொரு துறைக்கும் தனித்தனியா தரம் போட்ருப்பாங்க, லிட்டிகேஷனுக்கு ஒரு வரிசை, பேங்கிங்குக்கு வேற வரிசை, தொழிலாளர் வழக்குக்கு வேற. அதுல உங்களுக்குப் புடிச்ச துறைய மட்டும் எடுத்து பத்து பேர எழுதிக்கோங்க. 1918ல தொடங்குன ஷூக் லின் அண்ட் போக், 1963ல வந்த ஸ்கிரைன், நம்ம செட்டியார்ங்க வட்டிக்கடை வெச்சிருந்த லெபோ அம்பாங்லயே பல வருஷமா ஆபீஸ் வெச்சிருக்கிற ஷெர்ன் டெலமோர், இப்படிப் பேர் எல்லாம் எல்லாருக்கும் தெரியும். ஆனா அந்த ஃபர்ம்ல உங்க துறைய யார் நடத்துறாங்க, அவங்க சமீபத்துல எந்த கேஸ் வாதாடுனாங்கன்னு தெரிஞ்சிக்கிட்டு எழுதுறவங்க கம்மி. பினாங்குலயே இருக்கணும்னு நெனைக்கிறவங்களுக்கும் நல்ல எடம் உண்டு, பிரெஸ்கிரேவ் அண்ட் மேத்யூஸ் 1898லேர்ந்து இருக்கு. கே.எல் போனா தான் லோயர்னு யாராச்சும் சொன்னா காதுல போட்டுக்காதீங்க.

காலம் முக்கியம். பெரிய ஃபர்ம்ல பல மாசத்துக்கு முன்னாடியே ஆள் எடுத்து முடிச்சிடுவாங்க, ரிசல்ட் வரட்டும்னு காத்திருக்காதீங்க. "ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறேன்"னு ஒரு வரி போட்டு அனுப்புங்க, அதுல தப்பே இல்ல.

ரெண்டாவது படி: பேப்பருங்க

இத சீக்கிரமா சொல்லிட்டுப் போயிடுறேன். சி.வி, கவர் லெட்டர், யூனி டிரான்ஸ்கிரிப்ட், எஸ்.பி.எம், எஸ்.டி.பி.எம் சான்றிதழ் எல்லாத்தையும் ஒரே பி.டி.எஃப்பா சேத்து, ஃபைலுக்கு உங்க பேர போட்டு அனுப்புங்க. சி.விய வேர்ட்லயே செய்ங்க. கேன்வால செய்ற ரெண்டு பத்தி, கலர் பட்டை, "மலாய் மொழி அஞ்சுக்கு நாலு நட்சத்திரம்" இதெல்லாம் லா ஃபர்முக்கு வேணாம்ங்கிறது என் உறுதியான கருத்து. நாள் முழுக்க கறுப்பு வெள்ளை பேப்பர் படிக்கிறவங்க தான் உங்க சி.வியும் படிக்கிறாங்க. சான்றிதழ போன்ல படம் புடிச்சி போடாதீங்க, நிழல் விழும், போட்டோஸ்டேட் கடையில சில வெள்ளி குடுத்தா சுத்தமா ஸ்கேன் பண்ணித் தருவாங்க. இடம் காலியா இருக்கான்னு பாக்க ஃபர்ம்களோட சொந்த இணையப் பக்கம், அப்புறம் ஈலோயர்ங்கிற சட்ட வேலை தேடுற இணையப் பக்கம், இது ரெண்டும் எனக்குப் போதுமா இருந்துச்சு.

மூணாவது படி: அந்த ஒரு வரி

இங்க தான் நான் ஒரு வருஷம் மாட்டிக்கிட்டேன், அதனால இங்க மெதுவா போறேன்.

யூனி லீவுல ஒரு சட்ட உதவி மையத்துல உட்காந்திருந்தேன். பழைய சி.வில அதப் பத்தி நான் எழுதுனது இவ்ளோ தான்: "சட்ட வேலைகளுக்கு உதவினேன்". அது கீழ "மொழிகள்: மலாய், ஆங்கிலம், தமிழ்". அவ்ளோ தான். நான் பொய் சொல்லல, ஆனா அந்த வரிய யாரு வேணாலும் எழுதலாம், ஒரு நாள் போட்டோஸ்டேட் எடுத்துக் குடுத்தவங்களும் எழுதலாம்.

உண்மையில அங்க என்ன நடந்துச்சுன்னா, ஒரு வயசான அங்கிள் வந்தாரு (ஆள் யாருன்னு தெரியாத மாதிரி விவரத்த மாத்தி தான் எழுதுறேன்). வாடக பாக்கின்னு சொல்லி வீட்டுக்காரர் கேஸ் போட்டுட்டாரு. இவரு கட்டிட்டேன்ங்குறாரு, ரசீது கிடையாது. கையில இருந்தது ஒரு மூணு அஞ்சு புக்கு, கடைக்காரங்க கடன் எழுதுற அந்த குட்டிப் புக்கு தான். பென்சில்ல தமிழ்ல எழுதி வெச்சிருந்தாரு, அதுவும் தேதி போட்டு இல்ல. "பூசத்துக்கு மறுநாள் வாடக 400 குடுத்தது", "அம்மன் கோயில் தீமிதிக்கு முன்னாடி 200, மிச்சம் அடுத்த வாரம்"னு. மையத்துல இருந்த லோயருக்கு தமிழ் படிக்க வராது. நான் உட்காந்து ஒவ்வொரு வரிக்கும் அந்த வருஷத்து காலண்டர பாத்து தேதி போட்டேன், 2022ல தைப்பூசம் ஜனவரி 18, அப்ப அவரு காசு குடுத்தது 19ன்னு, இப்படி 14 வரி. அங்கிளோட பேங்க் புக்க பக்கத்துல வெச்சி பாத்தா அதுல ஒம்போது தேதிக்கு முந்தின நாளோ அதே நாளோ காசு எடுத்துருக்காரு. அத ஒரு பக்க அட்டவணையா மலாய்ல எழுதிக் குடுத்தேன்.

இத்தனையும் செஞ்சிட்டு "உதவினேன்"னு ஒரு வார்த்தையில முடிச்சிட்டேன். ஏன்னா அது எனக்கு பெரிய வேலையாவே தெரில. தமிழ் படிக்கத் தெரிஞ்சா யாரும் செய்வாங்கன்னு நெனச்சேன். நம்ம வீட்ல புள்ளைங்கள அப்படித்தான் வளக்குறாங்க, செஞ்சத நாமளே சொல்லிக்கக் கூடாது, பாக்கிறவங்க பாத்துப்பாங்கன்னு. சி.விய பாக்கிறவங்களுக்கு அதுக்கு வழியே இல்ல, எழுதுனா தான் தெரியும்.

ரெண்டாவது சுத்துல அந்த வரி இப்படி ஆச்சு (இங்கிலீஷ்ல எழுதுனது, இங்க தமிழ்ல சொல்றேன்): "வாடகை வழக்கொன்றில், தேதி இல்லாத தமிழ்க் கைக்குறிப்பில் இருந்து 14 பணப் பரிமாற்றங்களின் தேதியைக் கண்டறிந்து, வங்கிப் பதிவுடன் ஒப்பிட்டு, மலாயில் ஒரு பக்க அட்டவணை தயாரித்தேன்." கண்டறிந்து, ஒப்பிட்டு, தயாரித்தேன். கையில என்ன இருந்துச்சு, நான் என்ன செஞ்சேன், கடைசில என்ன பேப்பர் வெளிய வந்துச்சு, இந்த மூணையும் சொல்ற மாதிரி ஒவ்வொரு வரியும் இருக்கணும். சாப்பாட்டுக் கடையில கல்லாவுல நின்னாலும் சரி, ராத்திரி கணக்கு முடிக்கும்போது காசு குறைஞ்சா எப்படி தேடுனீங்கன்னு எழுதலாம், அது ஒரு பார்ட்னருக்கு உடனே புரியும்.

அப்புறம் தமிழ்ப்பள்ளி பேர சி.விலேர்ந்து எடுத்துடலாமான்னு கேக்குறாங்க, நானும் முதல் சுத்துல எடுத்துருந்தேன். எடுக்காதீங்க. தமிழ் எழுத படிக்கத் தெரிஞ்ச லோயர் நெறைய பேர் இல்ல, மொழிகள்ங்கிற எடத்துல "தமிழில் வாக்குமூலம் எடுக்க, எழுத, மொழிபெயர்க்க முடியும்"னு முழுசா போடுங்க.

சேத்தது: இதப் படிச்சிட்டு ஒரு தம்பி தன் சி.விய அனுப்பி பாக்க சொன்னாரு, அதுல கட்சிக்காரரோட பேரு, கேஸ் நம்பர் எல்லாம் போட்டு வெச்சிருந்தாரு. அப்படி செய்யவே கூடாது தம்பி. கட்சிக்காரர் லோயர்கிட்ட சொன்னது ரகசியம்னு 1950ம் வருஷத்து சாட்சியச் சட்டம் 126வது பிரிவு சொல்லுது, 127 அத மொழிபெயர்ப்பாளர், குமாஸ்தா வரைக்கும் நீட்டுது. என்ன வேலை செஞ்சோம்னு சொல்லலாம், யாருக்குன்னு சொல்லக் கூடாது. பேட்டியிலயும் அப்படித்தான், அவங்களே பேர கேட்டா கூட "மன்னிக்கணும், அத சொல்ல முடியாது"ன்னு சொல்லுங்க.

நாலாவது படி: கவர் லெட்டரும் "எதுனாலும் பரவால்ல"வும்

முதல் சுத்துல கிடைச்ச அந்த ஒரே பேட்டியில (எந்த ஃபர்ம்னு சொல்லல) "லிட்டிகேஷனா, கார்ப்பரேட்டா, எதுல இருக்க ஆசை?"ன்னு கேட்டாங்க. நான் சிரிச்சிக்கிட்டே "எதுனாலும் பரவால்ல மேடம், நீங்க எங்க போட்டாலும் கத்துக்குவேன்"னு சொன்னேன். விருந்தாளியா போன வீட்ல "என்னம்மா குடிக்கிற, டீயா மைலோவா"ன்னு கேட்டா நாம சொல்வோமே, அதே பதில். வீட்ல அது மரியாதை. அங்க அவங்க பேனாவ கீழ வெச்சிட்டாங்க, அதுக்கப்புறம் பத்து நிமிஷத்துல பேட்டி முடிஞ்சது. அந்த பேனா மேசையில வெச்ச சத்தம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு.

அதனால கவர் லெட்டரோட முதல் வரியிலயே துறைய சொல்லிடுங்க. அரைப் பக்கம் போதும்: எந்த துறை, ஏன் அந்த துறை, அந்த ஃபர்ம் அதுல என்ன செஞ்சிருக்கு, நான் என்ன செஞ்சிருக்கேன். "உங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தில்"னு தொடங்குற லெட்டர் எல்லாத்தையும் தூக்கிப் போடுங்க.

எந்த துறை புடிக்கும்னே தெரிலன்னா போய் பாருங்க. கோர்ட்டு பெரும்பாலும் எல்லாருக்கும் திறந்தது தான். கே.எல்ல ஜாலான் டூத்தா கோர்ட்டு, பினாங்குல லைட் ஸ்திரீட் ஹைகோர்ட்டு. ஒழுங்கா உடுத்திக்கிட்டு, போன மூடி வெச்சிட்டு, உள்ள போறப்ப நீதிபதிக்குத் தலை குனிஞ்சிட்டுப் பின்னாடி உட்காருங்க. நான் நாலு நாள் உட்காந்தேன், மூணாவது நாள் குறுக்கு விசாரணையில ஒரு சாட்சி தன் சொந்த ரசீதையே தப்பா படிச்சத பாத்தப்ப தான் எனக்கு லிட்டிகேஷன்னு முடிவாச்சு. லைட் ஸ்திரீட் கோர்ட்டு முன்னாடி லோகன் நினைவுச் சின்னம் இருக்கு, வெள்ளைக்காரர் அல்லாதவங்களோட உரிமைக்காக அந்தக் காலத்துல நின்ன ஒரு லோயருக்கு வெச்சது. பினாங்கு புள்ளைங்க ஒரு தடவ நின்னு படிச்சிட்டு போங்க.

அஞ்சாவது படி: பேட்டி

"சமீபத்துல படிச்ச தீர்ப்பு எது?" இந்தக் கேள்வி மூணு எடத்துலயும் வந்துச்சு. பத்து தீர்ப்போட சுருக்கம் வேணாம், ஒரே ஒரு தீர்ப்ப முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் ரெண்டு தடவ படிங்க. நான் எடுத்துட்டுப் போனது இந்திரா காந்தி முத்தோ வழக்கு, 2018 ஜனவரி 29ல ஃபெடரல் கோர்ட்டு குடுத்த தீர்ப்பு. நம்ம ஆளுங்க எல்லாருக்கும் அது ஒரு தாயோட கதையா தெரியும், புள்ளைய மதம் மாத்த அப்பா அம்மா ரெண்டு பேரோட சம்மதமும் வேணும்னு சொன்னது தெரியும். ஆனா தீர்ப்ப படிச்சா தான் தெரியும், அதுல பெரிய பகுதி அரசியல் சட்டம் 121(1ஏ) (ஷரியா கோர்ட்டுக்கு உட்பட்ட விஷயத்துல சிவில் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லங்கிற பிரிவு) பத்தி, நிர்வாகம் எடுத்த முடிவ மறுஆய்வு பண்ற அதிகாரத்த சிவில் கோர்ட்டுகிட்டேர்ந்து எடுக்க முடியாதுங்கிறது பத்தி. அத சொன்னதும் எதிர்ல இருந்த பார்ட்னர் முன்னாடி சாஞ்சி உட்காந்தாரு. தீர்ப்பு படிக்க காசு கட்டத் தேவையில்ல, நீதித்துறையோட ஈஜட்ஜ்மெண்ட் பக்கத்துல இலவசமா இருக்கு. சட்டம் பாக்கணும்னா ஏ.ஜி.சியோட (சட்டத்துறைத் தலைவர் அலுவலகம்) பக்கம்.

அப்புறம் அந்த மூணு அஞ்சு புக்கு வரியில விரல வெச்சி, "தேதியே இல்லாம எப்படி தேதி கண்டுபிடிச்சீங்க?"ன்னு கேட்டாரு. பேட்டியில பாதி நேரம் அதுலயே போச்சு. தீமிதிக்கு எப்படி தேதி புடிச்சீங்க, கோயிலுக்குக் கோயில் மாறுமேன்னு கேட்டாரு. கோயிலுக்கே போன் பண்ணி அந்த வருஷத்து திருவிழா நோட்டீஸ் வாங்குனேன்னு சொன்னேன்.

இடம் கிடைச்சப்புறம்

உங்க மாஸ்டர் (உங்களுக்குப் பயிற்சி குடுக்குற லோயர்) குறைஞ்சது 7 வருஷம் தொழில்ல இருக்கணும், சேம்பரிங் 9 மாசம், 3 மாசம் முடிஞ்சா ஷார்ட் கால் (பயிற்சி முடியுறதுக்கு முன்னாடியே கிடைக்கிற அனுமதி) எடுத்து கோர்ட்ல நிக்கலாம், இதெல்லாம் 1976ம் வருஷத்து சட்டத் தொழில் சட்டத்துல இருக்கு. ஷார்ட் கால் எடுக்க ஃபர்ம் விடுமான்னு முதல்லயே கேட்டுக்கோங்க.

சேத்தது: ஒரு தங்கச்சி வார இறுதியில டியூஷன் சொல்லிக் குடுக்கலாமான்னு கேட்டுருந்தாங்க. சேம்பரிங் காலத்துல வேற எந்த வேலையும், பகுதி நேரமா இருந்தாலும், பார் கவுன்சில்கிட்ட (லோயர்ங்களோட மன்றம்) எழுத்துல அனுமதி வாங்காம செய்யக் கூடாது. வீட்டுக்குக் காசு அனுப்புறவங்களுக்கு இது கஷ்டம் தான்னு எனக்குத் தெரியும், அதனால தான் அலவன்ஸ் எவ்ளோன்னு கேக்க வெக்கப்படாதீங்கன்னு சொல்றேன், கே.எல்ல ரூம் வாடகைய முதல்ல விசாரிச்சிட்டு அப்புறம் ஒத்துக்கோங்க.

இன்னொன்னு சேத்தது: ரெண்டு பேருக்கு பேட்டி அன்னிக்கே மலாய்ல எழுத்துச் சோதனை வெச்சிருக்காங்க. லிட்டிகேஷன்னா அது நியாயம் தான், 2012 கோர்ட்டு விதிப்படி தாக்கல் பண்ற பேப்பர் தேசிய மொழியில இருக்கணும், இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு கூட வெக்கலாம், அவ்ளோ தான். இங்கிலீஷ்ல யோசிச்சி மலாய்ல மாத்துனா நேரம் பத்தாது. பேட்டிக்கு முந்தின வாரம் தினம் ஒரு பக்கம் கையால எழுதிப் பழகுங்க, யார் எப்ப எங்க என்ன செஞ்சாங்கன்னு, அஃபிடவிட் (சத்தியப் பிரமாண வாக்குமூலம்) மாதிரி பத்திக்கு நம்பர் போட்டு. என் முதல் பழக்கப் பக்கம் அம்மாவோட தையல் மிஷின் ரிப்பேர் சண்டை பத்தினது, 11 பத்தி வந்துச்சு.