காரமாண்ட் இட்டாலிக்கைப் புத்தகத்தில் கையாள்வது எப்படி?

ஆங்கிலப் புத்தகங்களுக்கு லேஅவுட் செய்வது என் தொழில். கதையோ கட்டுரையோ, என் கை முதலில் போவது ஈபி காரமாண்ட் ஃபாண்டுக்குத்தான். கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கிறது. 1592இல் வெளியான எகனோல்ஃப்-பெர்னர் எழுத்து மாதிரித்தாள்தான் இதற்கு மூலம். அதில் நேர் எழுத்தை உலோக அச்சாக வெட்டியவர் கிளோத் காரமோன், சாய்வெழுத்தை, அதாவது இட்டாலிக்கை, வெட்டியவர் ராபேர் கிரான்ஜோன். பெயர் மட்டும் காரமோனுக்குப் போய்விட்டது, பாவம் கிரான்ஜோன்.

முதல் வேலை, இட்டாலிக் கோப்பையும் சேர்த்து நிறுவுங்கள். நேர் எழுத்து மட்டும் இருந்தால், வேர்டில் சாய்வு பொத்தானை அழுத்தியதும் அதே எழுத்தையே சாய்த்துக் காட்டிவிடும். கண்டுபிடிப்பது சுலபம். ஆங்கிலச் சிறிய 'ஏ'யை (a) பாருங்கள்: நேர் எழுத்தில் இரண்டு அடுக்காக இருக்கும், அசல் இட்டாலிக்கில் ஒரே அடுக்கு. சிறிய 'எஃப்'பின் (f) வாலும் எழுத்துகள் உட்காரும் கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும்.

பலர் கோட்டை விடுவது இடைவெளியில். நேர் எழுத்தும் இட்டாலிக்கும் தனித்தனி ஃபாண்ட் கோப்புகள் என்பதால், ஒன்று முடிந்து மற்றது தொடங்கும் இடத்தில் ஃபாண்டுக்குள் இருக்கும் கெர்னிங் (இரண்டு எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைச் சரிசெய்யும் ஏற்பாடு) வேலை செய்யாது. இட்டாலிக் 'எஃப்'பில் முடியும் நூல் பெயரை நேர் அடைப்புக்குறி மூடினால், எழுத்தின் தலை குறியில் போய் முட்டும். லேஅவுட் மென்பொருளான இன்டிசைனில் இரண்டுக்கும் நடுவே கர்சரை வைத்து, ஆல்ட் விசையோடு வலது அம்புக்குறியைத் தட்டுங்கள். ஒரு தட்டலுக்கு ஓர் எம்மில் (எழுத்தின் பாயின்ட் அளவுக்குச் சமமான அகலம்) ஆயிரத்தில் 20 பங்கு நகரும். எனக்கு அது அதிகம். பிரிஃபரன்ஸில் 5 என்று மாற்றி வைத்திருக்கிறேன். ப்ரூஃபைத் தாளில் எடுத்துப் பார்த்தால்தான் இந்த முட்டல்கள் எல்லாம் தெரியும்.

நிறுத்தக்குறிகளில் ஒரே கேள்விதான்: குறி யாருடையது? நூல் பெயரிலேயே உள்ள கேள்விக்குறி என்றால் சாயும்; வாக்கியத்துடையது என்றால் நேராக நிற்கும். இட்டாலிக் பத்திக்குள் நூல் பெயர் வந்தால், அதை நேர் எழுத்தாக்குங்கள்.

முழுப் பக்கத்தையும் இட்டாலிக்கில் விடலாமா? 1501இல் வெனிஸில் ஆல்டஸ் மனுஷியஸ் ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் நூலை முழுக்க இட்டாலிக்கில்தான் அச்சிட்டார். பெரிய எழுத்துகள் மட்டும் நேராக நின்றன. ஆனால் இன்றைய வாசகர் கண் அதற்குப் பழகவில்லை. கடிதம், கவிதை என்றால் சரி. 11 பாயின்ட் எழுத்துக்கு 14 வைத்திருந்த வரியிடைவெளியை 15 ஆக்குங்கள். எழுத்துகளை இழுத்துப் பரப்பாதீர்கள், இட்டாலிக்கின் ஓட்டமே கெட்டுவிடும். வால் நீண்ட அலங்கார எழுத்துகள் தலைப்போடு நிற்கட்டும்.

அப்புறம், தமிழ் வரிகளை இப்படிச் சாய்க்க வேண்டாம். இட்டாலிக்குக்கென்று தனியாக வரைந்த வடிவம் பெரும்பாலான தமிழ் ஃபாண்டுகளில் கிடையாது. மென்பொருள் சாய்த்துத் தள்ளிவிட்ட எழுத்துதான் வரும். ஆங்கில மூலத்தில் இட்டாலிக்கில் இருக்கும் நூல் பெயருக்குத் தமிழில் ஒற்றை மேற்கோள்குறி போதும்.