ஹோம்ல வளர்ந்தவங்க இழப்பீடு கேக்கும்போது பண்ற தப்புங்க

சின்ன வயசுல ஹோம்லயோ ஹாஸ்டல்லயோ வளர்ந்து, அங்க அடி உதையோ இல்ல வெளிய சொல்ல முடியாததோ அனுபவிச்சு, இப்போ முப்பது நாப்பது வயசுல "இதுக்கு கவர்மெண்ட்ல ஏதாவது வழி இருக்கா"ன்னு கேக்குறவங்க நம்ம வேலூர் பக்கமும் இருக்காங்க. வழி இருக்கு, ஆனா ஆரம்பத்துலயே தப்பான கதவ தட்டிட்டு நொந்து போயிடுறாங்க.

யூடியூப்ல ஆஸ்திரேலியா வீடியோ பாத்துட்டு அதே மாதிரி இங்கயும் ஃபாரம் இருக்கும்னு நெனைக்காதீங்க. அங்க 2013ல இருந்து 2017 வரைக்கும் ராயல் கமிஷன்னு அரசு அமைச்ச விசாரணைக் குழு விசாரிச்சு, 2018 ஜூலைல தனி திட்டமே கொண்டு வந்தாங்க, அதிகபட்சம் 1,50,000 டாலர், அதுவும் அந்த நாட்டு நிறுவனங்கள்ல நடந்த பாலியல் கொடுமைக்கு. நம்ம நாட்டுல பழைய ஹோம் கொடுமைக்குன்னு அப்படி தனி திட்டம் கிடையாது, அதனால "ஃபாரம் இருக்கு, ஐயாயிரம் குடுங்க"ன்னு எவனாவது வந்தா வாசலோட அனுப்பிடுங்க.

இங்க இருக்கிறது ரெண்டு தனித்தனி பாதை. ஒண்ணு போலீஸ் கேஸ். இன்னொண்ணு பாதிக்கப்பட்டவங்களுக்கான இழப்பீடு, அது முன்ன சிஆர்பிசிங்கிற குற்ற வழக்கு நடைமுறைச் சட்டத்துல 357ஏ பிரிவு, 2024 ஜூலைல இருந்து அதுக்கு பதிலா வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்துல 396. இந்த ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பிக்கிறதுதான் பெரிய தப்பு. "கேஸ் முடிஞ்சு தண்டனை வந்தாதான் பணம்"னு வருஷக்கணக்கா காத்திருப்பாங்க. குற்றவாளி யாருன்னே தெரியல, விசாரணையே நடக்கலன்னாலும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுல மனு குடுக்க சட்டத்துலயே இடம் இருக்கு. போக்சோ, அதாவது குழந்தைங்க மேல நடக்குற பாலியல் குற்றத்துக்கான சட்டம், அதுல போட்ட கேஸா இருந்தா எஃப்ஐஆர் போட்ட பிறகு இடைக்கால இழப்பீடே கேக்கலாம், குற்றம் சாட்டப்பட்டவன் விடுதலை ஆனாகூட இழப்பீடு குடுக்க கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கு.

நம்ம ஊர்ல நிறைய பேர் திங்கக்கிழமை சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல மனுவ குடுத்துட்டு எல்லாம் முடிஞ்சுதுன்னு வீட்டுக்கு வந்துடுவாங்க. அந்த மனு துறை துறையா சுத்தும், அவ்ளோதான். சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரா போங்க, பெண்களுக்கும் எஸ்சி எஸ்டிக்கும் வருமானம் பாக்காமலே ஃப்ரீயா வக்கீல் குடுப்பாங்க, மத்தவங்கள்ல பலருக்கு வருமான வரம்பு உண்டு. போன்னா 15100.

"இருபது வருஷம் ஆச்சு, இனிமே முடியாது"ன்னு தானே முடிவு பண்ணிக்கிறதும் தப்புதான். மூணு வருஷத்துக்கு மேல தண்டனை இருக்கிற குற்றத்துக்கு கால வரம்பு கிடையாது. ஆனா இதுக்கு நேர் எதிரா, 1998ல நடந்ததுக்கு போக்சோல கேஸ் போடுங்கன்னு அடம் பிடிக்கிறவங்களும் இருக்காங்க. போக்சோ 2012 நவம்பர் 14ல இருந்துதான் அமல், அதுக்கு முன்ன நடந்ததுக்கு அப்போ இருந்த ஐபிசி, அதாவது இந்திய தண்டனைச் சட்டப் பிரிவுலதான் போடணும். இழப்பீட்டு மனுவையும் "பழசு"ன்னு வாயால சொல்லி திருப்பி அனுப்பினா எழுந்து வந்துடாதீங்க, எழுத்துல குடுங்கன்னு கேளுங்க, நாளைக்கு ஹைகோர்ட் போகணும்னா அந்த பேப்பர்தான் வேணும்.

அடுத்தது ரெக்கார்டு, நம்ம மாவட்டத்துக்காரங்க மாட்டிக்கிற இடமே இதான். 1989 வரைக்கும் திருவண்ணாமலையும் சேர்ந்து ஒரே வடாற்காடு, அப்புறம் 2019ல வேலூர்ல இருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிஞ்சுது. நீங்க 90கள்ல ஆம்பூர் பக்கம் ஒரு ஹோம்ல இருந்திருந்தா அப்போ அது வேலூரோட ஒரே மாவட்டம், இப்போ திருப்பத்தூர், அதனால ஃபைலு ரெண்டுல எங்க வேணா இருக்கலாம். ஒரு ஆபீஸ்ல இல்லன்னு சொன்னதும் விட்டுடாம ரெண்டு மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் பத்து ரூபா கட்டி ஆர்டிஐ போடுங்க. ஹோம்லயே போய் கேட்டா பல சமயம் "வெள்ளத்துல போச்சு"ம்பாங்க, அதனால அந்த அட்ரஸ் போட்ட ஸ்கூல் டிசி, கூட இருந்த பசங்க, பழைய போட்டோ, எது கெடைச்சாலும் சேத்து வைங்க. போலீஸ் ஸ்டேஷன்ல "இது எங்க லிமிட் இல்ல"ன்னா பயப்பட வேணாம், எல்லை பாக்காம பதியுற ஜீரோ எஃப்ஐஆர எந்த ஸ்டேஷன்லயும் போட்டே ஆகணும்.

தேதி ஞாபகம் இல்லன்னா சும்மா ஒரு தேதி எழுதாதீங்க ப்ளீஸ். எதிர் வக்கீல் முதல்ல பிடிக்கிறது அதத்தான். "ஏழாவது படிக்கும்போது, பொங்கல் லீவு முடிஞ்சு திரும்பி வந்த வாரம்"னு எழுதுனா போதும், அது உண்மை, கோர்ட்ல நிக்கும். பக்கத்து வீட்டு அண்ணன் நல்லா எழுதுவாருன்னு அவர்கிட்ட குடுத்தா அவர் ரெண்டு மசாலா சேத்துடுவார், வேணாம்.

ஹோம் பக்கத்துல இருந்து பெரிய மனுஷங்க வந்து ஒரு தொகை குடுத்து ஸ்டாம்ப் பேப்பர்ல கையெழுத்து கேப்பாங்க. பலாத்காரம் மாதிரி குற்றமெல்லாம் சமாதானம் பேசி முடிக்கிற கேஸ் கிடையாது, ஆனா "எதுவும் நடக்கல"ன்னு நீங்க போட்ட கையெழுத்து உங்களுக்கு எதிராவே வந்து நிக்கும். வக்கீல் படிச்சு சொல்லாம எதுலயும் கையெழுத்து போடாதீங்க.

பாசத்துல சொந்தக்காரங்க போட்டோவோட வாட்ஸ்அப் குரூப்ல போட்டுடுவாங்க. பாலியல் கேஸ்ல பாதிக்கப்பட்டவங்க அடையாளத்த அவங்க சம்மதம் இல்லாம வெளியிட்டா ஜெயில் தண்டனையே உண்டு, அதனால ஆதரவா போட்டவங்களே மாட்டுவாங்க. இதே ஹோம்ல இப்பவும் பசங்க இருக்காங்க, அங்க நடக்குறது சரியில்லன்னு தெரிஞ்சா உங்க கேஸ் ஃபைல் ஆகுற வரைக்கும் காத்திருக்காம குழந்தைங்க உதவி எண் 1098க்கு அன்னிக்கே அடிச்சு சொல்லிடுங்க.