பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு மாற்று கியர்பாக்ஸ்: எதை எடுப்பது, எதை விடுவது

கியர்பாக்ஸ் விலை விசாரிக்கும் முன் சிஓஇ (வண்டி வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) இன்னும் எத்தனை வருஷம் இருக்கிறது என்று பாருங்கள். சிங்கப்பூரில் பழைய வண்டி வைத்திருப்பவருக்கு எல்லாக் கணக்கும் அங்கேதான் தொடங்குகிறது. ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்த சிஓஇ என்றால் அதை மறுபடி நீட்டிக்க முடியாது, காலம் முடிந்ததும் வண்டியின் பதிவை ரத்து செய்தே ஆகவேண்டும். அதில் ஒன்றரை வருஷம்தான் பாக்கி என்றால் ஆஸ்திரேலியாவிலிருந்து கியர்பாக்ஸ் வரவழைப்பது வீண் செலவு. இருப்பதைப் பிரித்து பேரிங்கும் சிங்க்ரோ ரிங்கும் (கியர் அரைக்காமல் விழ வேகங்களைச் சமப்படுத்தும் வளையம்) மாற்றி ஓட்டி முடியுங்கள். பத்து வருஷத்துக்குப் புதுப்பித்தவர்கள், 35 வயது தாண்டிய வண்டியை கிளாசிக் திட்டத்தில் வைத்திருப்பவர்கள், இவர்கள் வேண்டுமானால் கொஞ்சம் தாராளமாக யோசிக்கலாம்.

அடுத்து, பழுது உண்மையிலேயே கியர்பாக்ஸில்தானா? கியர் போடும்போது கரகரவென்று அரைக்கிறது என்றவுடன் “பாக்ஸ் போச்சு” என்று முடிவு கட்டுகிறவர்கள் அதிகம். இன்ஜினை ஐடிலில் விட்டு, கிளட்ச்சை முழுக்க மிதித்து, மூன்று நான்கு வினாடி பொறுத்து, மெதுவாக ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். பழைய பாக்ஸ்கள் பலவற்றில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது, அதனால் அந்த இடைவெளியில் உள்ளே ஷாஃப்ட் நின்றிருந்தால் சத்தமில்லாமல் விழும், அரைத்தால் கிளட்ச் சரியாக விடவில்லை என்று அர்த்தம். அப்போது தேவைப்படுவது மாஸ்டர் சிலிண்டரோ ஸ்லேவ் சிலிண்டரோ, கியர்பாக்ஸ் விலையில் சொற்பம்தான். நியூட்ரலில் கிளட்ச்சை விட்டால் உறுமல், மிதித்தால் அடங்குகிறது என்றால் இன்புட் ஷாஃப்ட் பக்கத்து பேரிங். மிதிக்கும்போது மட்டும் கீச்சிட்டால் ரிலீஸ் பேரிங். எல்லா கியரிலும் சத்தம் இருந்து நாலாவதில் மட்டும் அடங்கினால் லேஷாஃப்ட் (பாக்ஸுக்குள் இருக்கும் துணை ஷாஃப்ட்) பேரிங்கைச் சந்தேகப்படுங்கள், ஏனென்றால் பெரும்பாலான பழைய பாக்ஸ்களில் நாலாவது கியர் நேர் இணைப்பு, சக்தி லேஷாஃப்ட் வழியாகப் போவதில்லை. ஆக்ஸிலேட்டரிலிருந்து கால் எடுத்தவுடன் கியர் தானாக வெளியே குதித்தால் மவுண்ட் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அப்புறம்தான் உள்ளே தேய்ந்த பற்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்.

சரி, பாக்ஸ்தான் போய்விட்டது. இப்போது அதே பாக்ஸா, வேறு பாக்ஸா? என் கட்சி, நல்ல காரணம் கையில் இல்லாவிட்டால் அதே பாக்ஸ். வண்டி தயாரித்தவர்கள் டிஃப் (அச்சின் நடுவே இருக்கும் டிஃபெரன்ஷியல்), டயர், ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (சக்தியை முன், பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் பெட்டி) எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் அந்த விகிதங்களை வைத்திருக்கிறார்கள். மாற்றுவதானால் நீங்களும் அந்தக் கணக்கைப் போட்டுவிட்டு மாற்றுங்கள்.

உதாரணத்துக்கு டொயோட்டா லேண்ட் குரூசர் 40 சீரிஸை எடுத்துக்கொள்வோம். அதில் வந்த நாலு கியர் பாக்ஸ்களில் எச்41, எச்42 என்று இரண்டு உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் முதல் கியர் எச்41ல் சுமார் 4.9, எச்42ல் சுமார் 3.55, அதாவது பாக்ஸின் அவுட்புட் ஒரு சுற்று வர இன்ஜின் அத்தனை சுற்று சுற்றவேண்டும். இவற்றுக்குப் பதிலாக எல்லோரும் தேடுவது 60, 70 சீரிஸில் வந்த ஐந்து கியர் எச்55எஃப். முதல் கியர் 4.84, ஐந்தாவது 0.845. இந்த எண்கள் நம் ஊர்ச் சாலையில் என்ன ஆகின்றன என்று பாருங்கள். டிஃப் 4.11, டயர் 31 அங்குலம் என்றால் சக்கரம் ஒரு சுற்றில் ஏறக்குறைய 2.4 மீட்டர் போகும். மலேசிய வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் நாலாவது கியரில் இன்ஜின் நிமிடத்துக்கு 3,140 சுற்றில் கத்திக்கொண்டிருக்கும், ஐந்தாவது இருந்தால் அது 2,650க்கு இறங்கும். பழைய டீசலுக்கு இந்த 500 சுற்று பெரிய நிம்மதி, உள்ளே உட்கார்ந்திருப்பவர்களும் கத்தாமல் பேசிக்கொள்ளலாம். ஆனால் நம் விரைவுச்சாலையில் 90க்கு மேல் போக முடியாது, அந்த வேகத்தில் வித்தியாசம் 400 சுற்றுதான், அதுவும் சாலை காலியாக இருந்தால். வருஷத்துக்கு இரண்டு முறை ஜோகூர் போய் வருகிறவர் ஐந்தாவது கியருக்காகக் கையைக் கடித்துக்கொள்ள வேண்டாம். மாதாமாதம் ஈப்போ, கேமரன் மலை என்று கிளம்புகிறவர் கட்டாயம் எடுக்கலாம்.

முதல் கியரைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை, நமக்கு அதுதான் முக்கியம் என்பேன். ஐடிலில் 700 சுற்று என்று வைத்தால் எச்42 முதல் கியரில் கிளட்ச்சை விட்டு வண்டி மணிக்கு ஏறக்குறைய 7 கிலோமீட்டரில் நகரும், எச்55எஃப்பில் 5. வெள்ளிக்கிழமை மாலை உட்லண்ட்ஸ் கடற்பாலத்தில் நெரிசலில் மாட்டினால் இந்த இரண்டு கிலோமீட்டரின் அருமை தெரியும்: முன்னால் போகிற கார் நடை வேகத்தில் நகரும்போது ஒன்றில் கிளட்ச்சை மிதித்து மிதித்து இடது கால் நடுங்கும், இன்னொன்றில் காலைத் தூக்கிவைத்துவிட்டு சும்மா உட்கார்ந்திருக்கலாம். சேற்றிலும் இதே கதைதான். லோ ரேஞ்ச் (மெதுவாக ஊர்வதற்கான விகிதம்) 1.96 உள்ள ட்ரான்ஸ்ஃபர் கேஸோடும் 4.11 டிஃப்போடும் பெருக்கினால் எச்42க்கு மொத்த விகிதம் 28.6, எச்55எஃப்புக்கு 39. கோத்தா திங்கி பக்கம் செம்பனைத் தோட்டத்து வழுக்கல் இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல் இறங்கலாமா வேண்டாமா என்பது இந்த எண்ணில்தான் இருக்கிறது.

சுசுகி எஸ்ஜே410, எஸ்ஜே413 வைத்திருப்பவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. அவற்றில் கியர்பாக்ஸும் ட்ரான்ஸ்ஃபர் கேஸும் தனித்தனி, நடுவில் ஒரு குட்டி ஷாஃப்ட். மெதுவாக ஊர்வது மட்டும்தான் நோக்கம் என்றால் ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்குள் பல்சக்கரங்களை மாற்றினால் போதும், கியர்பாக்ஸைத் தொடவே வேண்டாம்.

லேண்ட் ரோவர்காரர்களுக்குத் தனியாகச் சொல்லவேண்டும், தேசிய சேவையில் ரோவர் ஓட்டிவிட்டு அந்தப் பாசத்தில் பிறகு ஒன்றை வாங்கியவர்கள் நம்மில் உண்டு. எண்பதுகளின் டிஃபெண்டர் வகை வண்டிகளில் பெரும்பாலும் எல்டி77 கியர்பாக்ஸ், 1994 வாக்கில் ஆர்380 வந்தது. கைக்கு முதலில் தெரியும் வித்தியாசம் ரிவர்ஸ்: எல்டி77ல் இடதுபுறம் முன்னால், முதல் கியர் பக்கத்தில், ஆர்380ல் வலதுபுறம் பின்னால், ஐந்தாவதுக்குக் கீழே. ஆர்380லேயே பல நீளம், பல பெல் ஹவுசிங் (கிளட்ச்சை மூடி பாக்ஸை இன்ஜினோடு இணைக்கும் கூடு) உண்டு, டிஸ்கவரியில் இருந்து கழற்றியது டிஃபெண்டரில் அப்படியே உட்காராது. இன்னொரு பழைய வியாதி, கியர்பாக்ஸின் மெயின்ஷாஃப்ட் எல்டி230 ட்ரான்ஸ்ஃபர் பாக்ஸின் இன்புட் கியருக்குள் நுழைகிற ஸ்ப்லைன் (ஷாஃப்ட்டின் நீளவாட்டுப் பல்வரி). ஆரம்ப கால இன்புட் கியர்களில் அந்த இடத்துக்கு எண்ணெய் போக ஓட்டை கிடையாது, காய்ந்து தேய்ந்து, ஆக்ஸிலேட்டரை விட்டுப் பிடிக்கும்போது ‘டொக்’ என்று அடிக்கும், கடைசியில் ஒரு நாள் இன்ஜின் சுற்றும், வண்டி நகராது. ட்ரான்ஸ்ஃபர் பாக்ஸின் பின்பக்கத்து பிடிஓ (வேறு கருவிக்குச் சக்தி எடுக்கும் வாய்) மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்ப்லைன் ஓரத்தில் செங்கல் பொடி மாதிரி சிவந்த தூள் தெரிந்தால் தேய்மானம் தொடங்கிவிட்டது. எந்த பாக்ஸ் வாங்கினாலும் ஓட்டை போட்ட புதிய இன்புட் கியரைச் சேர்த்தே போடுங்கள்.

எங்கே வாங்குவது? சின் மிங்கிலும் காக்கி புக்கிட்டிலும் விசாரிக்கலாம், ஆனால் பழைய ஃபோர் வீல் சாமான் என்றால் பெரும்பாலும் ஜோகூர் ஹாஃப் கட் (பழைய வண்டியைப் பாதியாக வெட்டி சாமான் விற்கும்) கடைகள்தான், இல்லாவிட்டால் ஆஸ்திரேலியா, ஜப்பான், இங்கிலாந்து. இந்த நாடுகள் எல்லாமே வலதுபக்க ஸ்டியரிங் என்பது நமக்கு வசதி. கேட்கும்போது வெறும் பாக்ஸைக் கேட்காதீர்கள். பெல் ஹவுசிங், கிளட்ச் ஃபோர்க், கியர் லீவர், ட்ரான்ஸ்ஃபர் கேஸ், மவுண்ட், கிராஸ்மெம்பர், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், ஸ்பீடோமீட்டர் கேபிள் முனை வரை ஒரே வண்டியிலிருந்து முழு செட்டாகக் கேளுங்கள். பாக்ஸை மலிவாக வாங்கிவிட்டு ஒரு ஃபோர்க்குக்காக மூன்று வாரம் அலைவது இந்தத் தொழிலில் சகஜம்.

கடைக்குப் போகும்போது உங்கள் வண்டியின் பழைய கிளட்ச் தட்டு ஒன்றை எடுத்துப் போங்கள். இன்புட் ஷாஃப்ட்டில் அதைச் செருகினால் ஸ்ப்லைன் பொருந்துகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும், அதோடு அதுவே ஷாஃப்ட்டைச் சுற்றக் கைப்பிடியும் ஆகும். “அங்கிள், ஒரு தடவை சுத்திப் பார்த்துக்கிறேன்” என்று கேட்டால் நேர்மையான கடைக்காரர் மறுக்கமாட்டார், மறுத்தால் அங்கே வாங்காதீர்கள். அவுட்புட் பக்கம் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். முதல் கியரில் போட்டு, அந்தக் கோடு ஒரு முழுச் சுற்று வர இன்புட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுங்கள். ஐந்துக்குக் கொஞ்சம் குறைவாக வந்தால் எச்41 அல்லது எச்55எஃப், மூன்றரை வந்தால் எச்42, கடைக்காரர் பெயின்ட்டில் என்ன எழுதியிருந்தாலும் சரி. 40 சீரிஸ் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் ஹை ரேஞ்சில் ஒன்றுக்கு ஒன்று என்பதால் அது பூட்டியே இருந்தாலும் கணக்கு மாறாது. டிஃபெண்டரின் எல்டி230 ஹை ரேஞ்சிலேயே 1.4 என்பதால் அதால் வகுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கியரிலும் சுற்றும்போது கையில் மணல் அரைக்கிற மாதிரி உணர்வு வந்தால் பேரிங் குழிந்திருக்கிறது.

அப்புறம் ட்ரெயின் போல்ட்டைக் கழற்றச் சொல்லுங்கள். காந்தத்தில் ஒட்டியிருக்கும் கறுப்புப் பசை பரவாயில்லை, எண்ணெயில் மினுமினுக்கும் பித்தளைத் தூள் கொஞ்சம் இருந்தாலும் வயதுக்கு அது இயல்பு. பல் துண்டோ ஊசி உருளையோ வந்தால் வேண்டாம். எண்ணெய் பாலும் டீயும் கலந்த நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்த பாக்ஸ், உள்ளே துரு இருக்கும். மவுண்ட் காதுகளில் வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பாருங்கள், ஹாஃப் கட் வெட்டும்போது பாக்ஸ் கீழே விழுந்து அடிபடுவது உண்டு.

வேறு வகை பாக்ஸ் போடுவதானால் பொருத்தம் பார்க்கவேண்டியது பாக்ஸோடு முடிவதில்லை. பெல் ஹவுசிங் இன்ஜினுக்கு இன்ஜின் மாறும், பெட்ரோல் இன்ஜினுக்கு உள்ளது டீசலில் உட்காராது. கிராங்க் முனையில் உள்ள பைலட் பேரிங்கின் அளவு இன்புட் ஷாஃப்ட் மூக்குக்குச் சரியாக வரவேண்டும். எச்55எஃப் நாலு கியர் பாக்ஸைவிட நீளம், அதனால் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் பின்னால் தள்ளிப்போகும், பின் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் குறைத்து முன்னதை நீட்டி பேலன்ஸ் செய்யவேண்டும், லீவர் வெளியே வரும் ஓட்டையும் தள்ளும். இந்தக் கூலியையும் விலையில் சேர்த்துப் பாருங்கள். ஒரு நல்ல செய்தி, ஸ்பீடோமீட்டர் ட்ரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து ஓடுவதால் டயரும் டிஃப்பும் மாறாதவரை அது தப்பாகக் காட்டாது.

காகித வேலை. நிலப் போக்குவரத்து ஆணையம் வண்டி மாற்றங்களை மூன்றாகப் பிரிக்கிறது: அனுமதி தேவையில்லாதவை, முன் அனுமதி வேண்டியவை, கூடவே கூடாதவை. பழுதான பாக்ஸுக்குப் பதில் அதே வகை போடுவது ரிப்பேர் வேலை. வேறு வகைக்குப் போகிறீர்கள் என்றால் வாங்குவதற்கு முன்பே ஆணையத்திடம் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள், வொர்க்‌ஷாப்பில் சொல்லும் “ஒண்ணும் ஆகாது பாஸ்” உங்களைக் காப்பாற்றாது. பத்து வயது தாண்டிய காருக்கு வருஷா வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் உண்டு, ஒழுகும் பாக்ஸோடு போய் நிற்காதீர்கள். ஜோகூரில் வாங்கிய பாக்ஸை உட்லண்ட்ஸிலோ துவாஸிலோ சொல்லிவிட்டுக் கொண்டுவாருங்கள், ஜிஎஸ்டி இப்போது 9 விழுக்காடு. கடல் வழியாக வந்தால் சரக்குக் கூலி, காப்பீடு எல்லாம் சேர்ந்த மதிப்பில் அது விழும். அனுப்புபவரிடம் எண்ணெயை முழுக்க வடித்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

எச்டிபி கார்பார்க்கில் வைத்துச் செய்கிற வேலை இல்லை இது, வொர்க்‌ஷாப்பில் லிஃப்ட்டில் ஏற்றித்தான் ஆகவேண்டும், கூலி நம் ஊரில் அதிகம். அதனால் பாக்ஸ் கீழே இறங்கியிருக்கும்போதே கிளட்ச் தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், கிராங்க்கின் பின் ஆயில் சீல் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள், ஃப்ளைவீலையும் கடைந்துவிடுங்கள். ஒரு ஆயில் சீலை மிச்சம் பிடித்து ஆறு மாதத்தில் அதே கூலியை மறுபடி கொடுப்பதில் அர்த்தமில்லை. பிரீதர் குழாயை (பாக்ஸ் காற்று விடும் குழாய்) நீட்டி இன்ஜின் அறையின் மேல்பகுதிவரை கொண்டுவந்துவிட்டால், சூடான பாக்ஸ் ஓடைத் தண்ணீரில் இறங்கிச் சட்டென்று குளிரும்போது சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்காது.

எண்ணெய் விஷயத்தில் கையேடு சொல்வதைக் கேளுங்கள். ஜிஎல்-4 (கியர் எண்ணெயின் ஒரு தர வகை) என்று போட்டிருந்தால் ஜிஎல்-4 மட்டும். ‘ஜிஎல்-5 அதைவிட உசத்தி’ என்று ஊற்றினால் அதில் சேர்க்கும் கந்தகக் கலவை சிங்க்ரோவின் பித்தளையை அரிக்கலாம், கியரும் சீக்கிரம் விழாது. எல்டி77க்கு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான மெல்லிய எண்ணெய்), அதில் கெட்டி 90 எண்ணெய் ஊற்றினால் காலையில் இரண்டாவது கியர் போட மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். பொருத்தி 500 கிலோமீட்டர் ஓடியபின், சூடு ஆறுவதற்குள், முதல் எண்ணெயை வெள்ளைத் தட்டில் இறக்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கடைகளில் தரும் உத்தரவாதம் பெரும்பாலும் குறுகியதுதான், தட்டில் இரும்புச் சில்லு தெரிந்தால் படம் எடுத்துக்கொண்டு அந்த வாரமே விற்றவரிடம் போய்விடுங்கள்.