உங்கள் ஊரில் ஜமீன் காலம் எப்போது முடிந்தது? ஆவணத்தில் தேடும் முறை

நிலவுடைமை போய் முதலாளித்துவம் வந்ததைப் பாடப்புத்தகம் ஒரே வரியில் முடித்துவிடும். வேலூர்ப் பக்கத்து ஊரில் இதைத் தேடுகிறவர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: களத்து மேட்டில் நெல்லை அளந்து எடுத்துப் போனவர் யார்?

முழு ஊரையும் எடுக்காதீர்கள். ஏரிப் பாசனத்தில் ஒரே ஒரு நஞ்சை சர்வே எண் போதும். இன்றைய பட்டா ஹெக்டேரில் இருக்கும், பழையது ஏக்கர்-சென்ட். 1 ஏக்கர் சுமார் 40.5 ஏர் (100 ஏர் ஒரு ஹெக்டேர்). பரப்பு ஒத்துவராவிட்டால், எண் மாறியிருக்கும் அல்லது உட்பிரிவு ஆகியிருக்கும். முதலில் அதைச் சரிபாருங்கள்.

பிறகு பழைய செட்டில்மென்ட் (நிலவரித் திட்டப்) பதிவேட்டில் நிலம் ரயத்துவாரியா (உழவர் நேரே அரசுக்கு வரி கட்டியது), இனாமா (கொடையாக விட்டது), ஜமீனா (ஜமீன்தார் வழியாக வரி போனது) என்று பாருங்கள். பலரும் தவறுவது இங்கேதான். 1801இல் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்த வடாற்காட்டில் (வேலூர் அடங்கிய பழைய மாவட்டம்) பெரும்பகுதி ரயத்துவாரி. ஆரணி ஜாகீர், கங்குந்தி ஜமீன் போன்றவை வேறு. ரயத்துவாரி ஊரில் 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்தின் தடயத்தைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. ஜமீன் ஊரானால் சட்ட ஆண்டை விடுங்கள், அந்த ஊரை அரசு எடுத்துக்கொண்ட அறிவிப்புத் தேதிதான் கணக்கு. சிறு இனாம்களுக்கு 1963 சட்டம். அடங்கலில் (ஊரின் சாகுபடிக் கணக்கில்) ஜூலையில் தொடங்கும் பசலி ஆண்டு இருந்தால் 590 கூட்டுங்கள்: பசலி 1358 என்றால் 1948 ஜூலை முதல் 1949 ஜூன் வரை.

பட்டா மாறினாலே முதலாளித்துவம் வந்துவிடாது. வில்லங்கச் சான்றில் கிரையமும் போக்கியமும் (கடனுக்கு ஈடாக நிலத்தை அனுபவிக்கக் கொடுப்பது) எப்போது அடுக்கடுக்காக வருகின்றன என்று பாருங்கள். 75 வயது தாண்டிய பெரியவரிடம், பண்ணையில் கூலிக்கு நின்ற ஆளைப் பற்றி, 'படியாளுக்கு நெல்லா, காசா?' என்று கேளுங்கள். ஆண்டு சொல்ல வராது. 'கிணத்துல கரண்ட் மோட்டார் போட்டதுக்கு முன்னாடியா, பின்னாடியா?' என்றால் சொல்லிவிடுவார். கூலி காசானதுதான் உண்மையான திருப்பம். வாரம், அதாவது குத்தகையாக விளைச்சலில் பங்கு அளப்பது மட்டும் அப்புறமும் தொடர்ந்திருக்கலாம். 1956 நியாய வாரச் சட்டம் நஞ்சைக்கு விளைச்சலில் 40 விழுக்காடு என்று வரம்பு கட்டியும், களத்தில் பாதி அளந்த ஊர்கள் உண்டு. ஆகவே காகிதத்தோடு நிற்காதீர்கள்.

முதலாளித்துவத்துக்கு அடுத்தது சோசலிசம் என்று எதையும் அவசரமாக எழுதிவிடாதீர்கள். 1961 நில உச்சவரம்புச் சட்டம் ஐந்து பேர் குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) என்றது, 1970இல் அது 15 ஆனது. மிகுதி நிலம் ஏழைக்குத் தனிப்பட்டாவாகத்தான் போனது. அது சொத்தைப் பிரித்தது, பொதுவாக்கவில்லை. அம்முண்டி கூட்டுறவுச் சர்க்கரை ஆலையில் பங்கு வைத்திருக்கும் விவசாயியின் கரும்பு வயல் அவர் பெயரில், ஆலை மட்டும் உறுப்பினர்களின் கூட்டுறவில். குறிப்பேட்டில் இரண்டையும் தனித்தனி பத்தியில் எழுதுங்கள்.