அறுபது ரூபாய்த் தகர வாளியில் செயற்கைப் பூக்கள்: முதல் முறை செய்கிறவர்களுக்கு

எங்கள் வீட்டுக் கூடத்துக்கு வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. துளசி பத்து நாளில் இலை கொட்டிவிடும். மணி பிளான்ட்டோ இலை வெளுத்து, கொடி மட்டும் ஒட்டடைக் குச்சி மாதிரி நீண்டுகொண்டு போகும். அந்த மூலைக்காகத்தான் முதன்முதலில் செயற்கைப் பூக்களை வாங்கினேன். வாங்கி வந்ததை அப்படியே ஒரு தகர வாளியில் செருகி வைத்தேன். கல்யாண மண்டப வாசல் மாதிரி இருந்தது. பூ மலிவாக இருந்ததுதான் காரணம் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். காம்பை வளைக்காமல் வைத்ததே காரணம் என்பது இரண்டாவது தொட்டி செய்தபோதுதான் புரிந்தது.

வாங்க வேண்டியவை

ஆறு அங்குல உயரமுள்ள தகர வாளி ஒன்று. பாத்திரக் கடையில் துத்தநாகம் பூசிய சின்ன வாளியாகக் கேளுங்கள். எனக்கு அறுபது ரூபாய்க்குக் கிடைத்தது. பெரிய பூ ஒரு கொத்து, பொடிப்பூ ஒரு கொத்து, தொங்கும் இலை இரண்டு கொத்து. தெர்மாகோல் துண்டு, கொஞ்சம் ஜல்லி, உப்புத் தாள், கட்டிங் பிளேயர், தேங்காய் நார். பெயின்ட் அடிப்பதாக இருந்தால் பிரைமரும் பெயின்ட்டும்.

கடையில் பூவைப் பார்ப்பதற்கு முன் இலையைப் பாருங்கள். செயற்கை என்று முதலில் காட்டிக்கொடுப்பது இலைதான். எண்ணெய் தடவியது போல மின்னினாலோ ஓரத்தில் பிளாஸ்டிக் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தாலோ அந்தக் கொத்து வேண்டாம். பூவில் இதழின் அடியும் நுனியும் ஒரே நிறமாக இருக்கக் கூடாது. ஒரே கொத்தில் மொட்டும் மலர்ந்த பூவும் கலந்திருந்தால் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள்.

வாளியைத் தயார் செய்தல்

விளிம்பில் கை கிழியும், கவனம். புது வாளியில் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, வினிகர் நனைத்த துணியால் ஒரு முறை துடையுங்கள். தகரத்தின் நிறமே பிடித்திருந்தால் அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். வெள்ளைப் பூவுக்கு அந்தச் சாம்பல் நிறம் தனி அழகு என்பது என் கட்சி.

நிறம் வேண்டும் என்றால் ஒரு எச்சரிக்கை. வீட்டில் கதவுக்கு அடித்து மிஞ்சிய எனாமல் பெயின்ட்டை இதன் மேல் அடிக்காதீர்கள். துத்தநாகத்தோடு அந்தப் பெயின்ட்டிலுள்ள எண்ணெய் வினைபுரிந்து, சில மாதங்களில் பாம்புச் சட்டை மாதிரி உரிந்து வரும். உப்புத் தாளால் லேசாகத் தேய்த்து, துத்தநாகப் பூச்சுக்கென்றே விற்கும் பிரைமரை அடித்து, காய்ந்தபின் அக்ரிலிக் பெயின்ட்டை இரண்டு மெல்லிய பூச்சாகக் கொடுங்கள். ஒரே தடித்த பூச்சு வழியும்.

தொட்டி பால்கனிக்கோ மொட்டைமாடிக்கோ போவதாக இருந்தால், பெயின்ட் அடிப்பதற்கு முன்பே அடியில் ஓட்டை போட்டுவிடுங்கள். ஆணியை உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக அடித்தால் தண்ணீர் தேங்காமல் இறங்கும். செயற்கைப் பூவுக்கு எதற்கு ஓட்டை என்று கேட்காதீர்கள். மழை பெய்தால் வாளியில் தண்ணீர் நிற்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இப்படித் தேங்கி நிற்கும் நல்ல தண்ணீர்தான் வேண்டும். முட்டையிலிருந்து கொசுவாக ஒன்றிரண்டு வாரம் போதும்.

அடிப்பாகம்

செயற்கைப் பூவுக்குக் கனம் கிடையாது. மின்விசிறிக் காற்றுக்கே வாளி சாயும். கால் வாளிக்கு ஜல்லியைப் போடுங்கள். அதன் மேல் தெர்மாகோல். வாளி கீழே போகப்போகக் குறுகும் என்பதால், தெர்மாகோலை வாயைவிடச் சற்றே சின்னதாக வெட்டி மேலிருந்து அழுத்தினால் நடுவழியில் தானே இறுகிக்கொள்ளும், பசை தேவையில்லை. விளிம்புக்கு ஒரு அங்குலம் கீழே நிற்கட்டும்.

ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கிறவர்கள் தெர்மாகோலை வைப்பதற்கு முன்பே அடித்துக் காயவைத்துவிடுங்கள். நான் எல்லாவற்றையும் செருகி முடித்தபின், விளிம்பில் கொஞ்சம் பொன்னிறம் இருந்தால் நன்றாக இருக்குமே என்று ஆசைப்பட்டு அடித்தேன். பட்ட இடமெல்லாம் தெர்மாகோல் வெல்லப்பாகு போல உருகிக் குழிந்தது, பூக்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. அந்தப் பெயின்ட்டிலுள்ள கரைப்பான் செய்த வேலை.

காம்பை வளைத்தல்

பொறுமை வேண்டிய இடம் இதுதான். கொத்தாக இருப்பதைக் கட்டிங் பிளேயரால் தனித்தனிக் காம்பாக வெட்டுங்கள். உள்ளே கம்பி இருக்கிறது, கத்தரிக்கோலால் வெட்டினால் கத்தரிக்கோல்தான் போகும். பெட்டியில் அமுங்கி வந்த இதழ்களை ஒவ்வொன்றாக விரித்துவிடுங்கள். துணி இதழ் கசங்கியிருந்தால், கொதிக்கும் பாத்திரத்துக்கு ஒரு முழம் மேலே சில நொடிகள் காட்டி, சூடாக இருக்கும்போதே விரலால் நீவுங்கள். நீராவியில் கையைக் காட்டிவிடாதீர்கள்.

பிறகு காம்பைக் கட்டைவிரல் மேல் வைத்து, முடிக்கு எண்ணெய் நீவுவதுபோல மெதுவாக இழுத்து வளையுங்கள். ஒரே இடத்தில் மடித்தால் ஒடிந்ததுபோல் தெரியும். தோட்டத்து ரோஜாவை நினைத்துப் பாருங்கள்: கழுத்து கொஞ்சம் தொங்கும், ஒரு பூ வேறு பக்கம் பார்க்கும், ஒரு இலை திரும்பியிருக்கும்.

செருகும் வரிசை

முதலில் இலை. விளிம்பைத் தாண்டி இரண்டு மூன்று கொடிகள் வெளியே வழியட்டும். அடுத்து உயரமான பூ. வாளியைப் போல ஒன்றரை மடங்கு, அதாவது விளிம்புக்கு மேல் ஒன்பது அங்குலம் இருக்கலாம். அதைச் சரியாக நடுவில் நடாதீர்கள், கொடிமரம் ஆகிவிடும். மற்ற இரண்டு பெரிய பூக்களை முதல் பூவைவிடத் தாழ்வாக, அதுவும் வேறுவேறு உயரத்தில் வையுங்கள். மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படையில் வைத்தால் பூக்கள் இரண்டு இரண்டாக ஜோடி சேராது.

செருகுவதற்கு முன் இடத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். பிடுங்கிப் பிடுங்கிச் செருகினால் தெர்மாகோலில் ஓட்டை பெரிதாகி எந்தக் காம்பும் நிற்காது. பொடிப்பூவை இடைவெளிகளில் செருகுங்கள். ஆனால் எல்லா இடைவெளியையும் அடைக்க வேண்டாம். கடைசியில் தேங்காய் நாரைப் பிரித்துத் தெர்மாகோல் மேல் பரப்பிவிட்டால், வெள்ளை தெரியாது.

பராமரிப்பு

வெயில் படும் இடத்தில் சிவப்பும் ஊதாவும் சீக்கிரம் வெளுக்கும். பால்கனிக்கு வெள்ளை, வெளிர் மஞ்சள் நல்லது. துணிப் பூவில் தூசி படிந்தால் ஒரு பையில் அரைக் கப் கல் உப்போடு போட்டு, வாயைப் பிடித்துக்கொண்டு குலுக்குங்கள். தூசி உப்போடு போய்விடும். உப்பை நன்றாக உதறிவிட்டுச் செருகுங்கள். உப்பு பட்டால் தகரம் துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் இலைக்கு ஈரத் துணி போதும்.

இன்னொன்று. பக்கத்து வீட்டு மாமியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நாங்கள் ஊருக்குப் போயிருந்த நான்கு நாளும் அவர் என் தொட்டிக்குத் தவறாமல் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். கூடத்துத் தொட்டிதானே என்று அதில் மட்டும் நான் ஓட்டை போட்டிருக்கவில்லை.