நிரந்தர உரிமம் இருந்தும் மென்பொருளை இழப்பது எப்படி?

உப்புவெளியில் திருமண அல்பம் வடிவமைக்கும் நண்பரின் கணினி சென்ற மாரியில் நின்றுபோனது. திறந்து பார்த்தால், உப்புக்காற்று பட்ட மதர்போர்டில் பச்சை படிந்திருந்தது. பலகையை மாற்றி, ஹார்ட் டிஸ்கை ஃபோர்மட் செய்து, பல ஆண்டுகளுக்கு முன் முழுப்பணம் கொடுத்து வாங்கிய மென்பொருளை ஏற்றினார். அனுமதித்த கணினிகளின் எண்ணிக்கை முடிந்துவிட்டதாகத் திரை சொன்னது. டிவிடி கையில் இருந்தது. பற்றுச்சீட்டு இல்லை, பதிவு செய்த மின்னஞ்சலின் கடவுச்சொல்லும் மறந்துபோயிருந்தது.

நிரந்தர உரிமம் என்றால் பயன்படுத்தக் காலக்கெடு இல்லை, அவ்வளவுதான். பல மென்பொருள்களில், ஒவ்வொரு முறை புதிதாக நிறுவும்போதும் நிறுவனத்தின் சேவையகம் (சேர்வர்) இணையம் வழியே சம்மதிக்க வேண்டும். அடோபி நிறுவனம், ஃபோட்டோஷொப் அடங்கிய பழைய சிஎஸ்2 தொகுப்புக்கான சேவையகத்தை நிறுத்தியபோது, அந்தச் சம்மதம் தேவைப்படாத நிறுவல் கோப்பை, தொகுப்பை வாங்கியவர்களுக்குக் கொடுத்தது. எல்லா நிறுவனங்களும் அப்படிச் செய்யும் என்று நம்பியிருப்பது பெரிய தவறு. நிறுவல் கோப்பு, தொடர் இலக்கம், பற்றுச்சீட்டின் படம் மூன்றையும் வேறொரு டிஸ்கில் இன்றே சேமியுங்கள்.

நண்பர் சறுக்கிய இடம் ஃபோர்மட். அடோபி சிஎஸ்6 போன்றவற்றை இரண்டு கணினிகளில் செயற்படுத்தலாம். ஒரு கணினியை அந்தக் கணக்கிலிருந்து விடுவிக்க ஹெல்ப் மெனுவில் ‘டீஆக்டிவேட்’ கட்டளை உண்டு. அதை அழுத்தாமல் டிஸ்கை அழித்தால், இல்லாத கணினி ஒன்று உங்கள் இடத்தைப் பிடித்தபடியே இருக்கும். பழுதுபார்க்கக் கொடுக்குமுன், கணினி இயங்கும் நிலையில் இருந்தால், இதை நீங்களே செய்துவிடுங்கள். கடைக்காரருக்கு இது நினைவிருக்காது.

கணினியோடு சேர்ந்து வரும் ஓஈஎம் விண்டோஸ் உரிமம் மதர்போர்டோடு கட்டுண்டது. தனியாக வாங்கும் உரிமத்தைப் புதிய கணினிக்கு மாற்றலாம். கடலோரத்தில் பலகைகள் சீக்கிரம் பழுதாவதால், விலை வித்தியாசத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். பற்றுச்சீட்டில் ‘கணினி 1’ என்று மட்டும் எழுதினால் ஏற்காதீர்கள். மென்பொருளின் பெயரையும் உரிம வகையையும் எழுதச் சொல்லுங்கள்.

மைக்ரோசொஃப்ட் ஆஃபிஸ் 2016, 2019 இரண்டுக்கும் 2025 ஒக்டோபர் 14 அன்று ஆதரவு முடிந்தது. அதற்குப் பயந்து உடனே மாதச் சந்தாவுக்கு ஓட வேண்டியதில்லை. நிரலி தொடர்ந்து திறக்கும். பாதுகாப்புத் திருத்தங்கள்தாம் நின்றுவிட்டன. ஆகவே முன்பின் தெரியாதவர் அனுப்பும் கோப்புகளை அதில் திறக்காதீர்கள்.

உரிமச் சோதனையை உடைக்கும் கோப்பான ‘கிரேக் போட்டுத் தருகிறேன்’ என்றும் ஒருவர் நண்பரிடம் சொன்னார். அத்தகைய கோப்புகளோடு வைரஸ் வருவது சாதாரணம். அல்பம் ஆகாத மூன்று திருமணங்களின் படங்கள் அவரிடம் இருந்தன, மறுத்துவிட்டார்.